பாலாற்று மணலில் ஒரு மாலை நடை

காலாண்டுத் தேர்வு லீவில் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வந்தோம். சாயங்காலம் கடலோரமாக ஐந்து கிலோமீட்டர் நடை, ராத்திரி கடலைப் பார்த்துக்கொண்டு மீன் சாப்பாடு, அவ்வளவுதான் திட்டம். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தக் குறிப்பு காலுக்குக் கீழே இருந்த மணலைப் பற்றியது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, என் மகள் வயதுக்காரர்கள் அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதும் அங்கே இருக்குமா என்பதைப் பற்றியது.

முதலில் வழி. நான் இருப்பது தண்டலத்தில். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் இந்தப் பேரில் பல ஊர்கள் உண்டு. இது பெங்களூர் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் தண்டலம். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம் சுமார் 75 கிலோமீட்டர். ஷிப்ட் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் குறைந்த மத்தியான நேரத்தில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம்.

பெரும்பாலானவர்கள் கடற்கரைக் கோயிலில் தொடங்கி வடக்கே நடப்பார்கள். நாங்கள் காரை ஊருக்குள் விட்டுவிட்டு, ஆட்டோவில் சாளுவன்குப்பம் போய், அங்கிருந்து தெற்கே நடந்து வந்தோம். இதில் இரண்டு லாபம். நடை முடியும் இடத்தில் சாப்பாடு இருக்கிறது. கடற்கரைக் கோயில் தூரத்தில் சின்னதாகத் தெரிந்து, நடக்க நடக்கப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அந்த மாதத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கும். அதற்கு எதிராக நடந்தால் அது என்ன செய்கிறது என்று நன்றாகப் பார்க்கலாம்.

மணல் மூடியதும் மணல் திறந்ததும்

சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறது. பேர்தான் புலி, குகை எல்லாம். உண்மையில் பெரிய பாறையின் முகத்தில் ஒரு சின்ன மண்டபம் குடைந்து, அதைச் சுற்றி வளைவாகப் பதினொரு யாளித் தலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அதே வளாகத்தில் அதிரணசண்ட மண்டபம் என்ற குடைவரையும் உண்டு. அதன் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும் எதிர்ப்பக்கச் சுவரில் நாகரி எழுத்திலும் ஒரே வாசகத்தை வெட்டிவைத்திருக்கிறார்கள். எழுத்து ஆர்வம் உள்ளவர்கள் இதற்காகவே ஒருமுறை வரலாம்.

எனக்கு இங்கே முக்கியம், சற்றுத் தள்ளி இருக்கும் முருகன் கோயில். 2004 டிசம்பர் 26 சுனாமி வரை அப்படி ஒரு கோயில் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. சுனாமி அந்தக் கரையின் மணலை அரித்துக்கொண்டு போனபோது ஒரு பாறையில் கல்வெட்டு எழுத்துகள் வெளியே தெரிந்தன. அதில் திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயில் பற்றிய செய்தி இருந்தது. இன்றைய சாளுவன்குப்பத்தின் பழைய பேர்தான் திருவிழிச்சில். அப்படியென்றால் கோயில் எங்கே? அந்தக் கேள்வியோடு இந்தியத் தொல்லியல் துறையினர் 2005-ல் பக்கத்து மணல்மேட்டைத் தோண்டினார்கள். பல்லவர் காலத்துக் கட்டுமானம் வந்தது. அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் வந்தது. கல்லால் ஆன வேல், குரவைக் கூத்து ஆடும் பெண்கள் உள்ள சுடுமண் பலகை எல்லாம் கிடைத்தன. கோயில் வடக்குப் பார்த்து இருக்கிறது. அடியில் இருக்கும் செங்கற்களின் அளவை வைத்து அதைச் சங்க காலத்தது என்று அகழாய்வு செய்தவர்கள் சொன்னார்கள்.

அகழாய்வுக் குழியில் சிப்பியும் கடல் மணலும் கலந்த அடுக்குகள் இருந்தன. பழைய கோயில் விழுந்தது சுனாமியாலா, பெரும் புயலாலா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கடல் வந்து மணலைக் கொட்டியிருக்கிறது, மக்கள் அதன்மேல் மறுபடி கட்டியிருக்கிறார்கள், மறுபடி மணல் மூடியிருக்கிறது, கடைசியில் இன்னொரு அலை வந்து திறந்திருக்கிறது. கடற்கரைக் கோயில் வளாகத்திலேயே வராகச் சிற்பமும் அதன் பக்கத்துச் சிறு கோயிலும் 1990-ல்தான் மணலுக்குள்ளிருந்து வெளியே வந்தன. இந்தக் கரையில் மணல் வருவதும் போவதும் புதுசு இல்லை. ஆயிரம் இரண்டாயிரம் வருஷமாக நடப்பதுதான்.

"அப்படின்னா கடல் அரிப்புன்னு நியூஸ்ல சொல்றாங்களே, அது எப்பவும் நடக்கறதுதானே அப்பா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மணல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மணல் நடக்கிற விதம்

ஈர மணலில் நின்று ஒரு அலையை மட்டும் கவனியுங்கள். அது கரைக்கு நேராக வருவதில்லை, கொஞ்சம் சாய்வாக வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நம் கரைக்கு அலைகள் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். அப்படி வரும் அலை மணலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக மேலே ஏறும். திரும்பும்போது தண்ணீர் சரிவின் வழியே நேராகக் கீழே இறங்கும். ஏறியது சாய்வாக, இறங்கியது நேராக. ஆகவே ஒரு மணல் துகள் கிளம்பிய இடத்திலிருந்து சில அங்குலம் வடக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த அலை இன்னும் சில அங்குலம். ரம்பப் பல் மாதிரி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே, கரையோரமாக நடந்துவிடும். இதோடு அலை உடையும் இடத்தில் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் உண்டாகிறது. மணலின் பெரும்பகுதியை இழுத்துச் செல்வது அதுதான்.

வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில், அதாவது சுமாராக நவம்பர் முதல் பிப்ரவரி வரை, திசை மாறும். மணல் தெற்கே போகும். ஆனால் வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். சோழமண்டலக் கரையின் இந்தப் பகுதியில் வருஷத்துக்கு லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் இப்படி நகர்கிறது.

இதை நாங்கள் ஒரு சின்ன சோதனையாகச் செய்து பார்த்தோம். கரையில் கிடந்த ஒரு இளநீர்க் கூட்டை அலை உடையும் இடத்துக்கு உள்ளே தூக்கிப் போட்டோம். மகள் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு கரையோரமாகக் கூடவே நடந்தாள். ஐந்து நிமிடத்தில் அது வடக்கே சுமார் நாற்பது தப்படி போயிருந்தது. முப்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர். இது தண்ணீரின் வேகம், மணல் இதைவிட மெதுவாகப் போகும். ஆனால் திசை சந்தேகமில்லாமல் தெரிகிறது. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், செலவில்லை.

இன்னொரு சோதனைக்காகப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பிரித்து வைத்திருந்த காந்தத்தைக் கொண்டு போயிருந்தேன். இந்தக் கரையில் வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்பும் கருஞ்சிவப்புமாகக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு இல்லை, எண்ணெயும் இல்லை. கறுப்பு பெரும்பாலும் இல்மனைட்டும் மேக்னடைட்டும், சிவப்பு கார்னெட். இவை சாதாரண மணலான குவார்ட்ஸைவிட எடை அதிகம். அலை இறங்கும்போது லேசான குவார்ட்ஸை எடுத்துக்கொண்டு கனமானதை விட்டுவிட்டுப் போகிறது. முறத்தில் அரிசி புடைப்பது மாதிரியான வேலை, இங்கேயும் பதர் போய்ச் சேர்கிறது, மணி கரையில் நிற்கிறது. காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கறுப்பு மணலில் ஆட்டினால் மேக்னடைட் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். (பை இல்லாமல் செய்யாதீர்கள். காந்தத்தைச் சுத்தம் பண்ணவே முடியாது.) இந்தக் கனிமங்கள் கடலில் பிறந்தவை அல்ல. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து, மழையில் கரைந்து, ஆறு வழியாக வந்து சேர்ந்தவை.

பெல்ட் எங்கே சிக்குகிறது

நான் இருக்கும் ஏரியாவில் எந்த டீக்கடையில் நின்றாலும் நான்கு பேரில் ஒருவர் ஏதாவது ஒரு ஆலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவராக இருப்பார். அவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கரை என்பது ஒரு கன்வேயர் பெல்ட். தெற்கே ஏற்றுகிறார்கள், வடக்கே போகிறது. நடுவில் ஒரு ஸ்டேஷனில் லைன் நின்றால் என்ன ஆகும்? அதற்கு முன்னால் இருக்கும் ஸ்டேஷனில் பொருள் குவியும். அதற்குப் பின்னால் இருப்பவன் சும்மா நிற்பான்.

சென்னைத் துறைமுகத்தில் நடந்தது இதுதான். 1876-ல் அங்கே கடலுக்குள் அலைதாங்கிச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் சுவரின் தெற்குப் பக்கத்தில் தேங்கியது. அப்படித் தேங்கி வளர்ந்ததுதான் இன்றைய மெரினா. அதற்கு முன்னால் கடல் இப்போதைய காமராசர் சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. சாலையோர உலாவிடத்துக்கு மெரினா என்று 1884-ல் பேர் வைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப். இன்றைக்குச் சில இடங்களில் முந்நூறு, நானூறு மீட்டர் மணலில் நடந்தால்தான் தண்ணீர் வரும். சரி, தெற்கே குவிந்த மணல் எங்கே போயிருக்க வேண்டியது? ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும். அங்கே கரை அரித்து அரித்து, இப்போது கடலோரச் சாலை நெடுக கருங்கல் தடுப்புதான். சென்னையின் ஒரு பக்கம் சுண்டல் சாப்பிடும் மணல்வெளியும் மறுபக்கம் காணாமல் போன கரையும் ஒரே சுவரின் இரண்டு விளைவுகள்.

புதுச்சேரியிலும் இதே கதை. எண்பதுகளின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் வந்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே காந்தி சிலைக்கு முன்னால் இருந்த கடற்கரை போனது. பிறகு பாறைகளைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள்.

மாமல்லபுரத்தில் துறைமுகம் இல்லை. ஆனால் கடற்கரைக் கோயில் நிற்பதே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில். நூறு வருஷத்துக்கு முந்தைய படங்களைப் பார்த்தால் அலை கோயில் வரைக்கும் வருவது தெரியும். கோயிலைக் காப்பாற்றக் கற்பாறைகளைப் போட்டார்கள், உள்ளே சவுக்கு வைத்தார்கள். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஒரு சின்னத்தைக் கடலுக்கு விட்டுக்கொடுக்க முடியாது, அது சரிதான். அதே நேரம், கடலுக்குள் நீளும் கல் எதுவாக இருந்தாலும், யார் எதற்காகப் போட்டதாக இருந்தாலும், அதன் வடக்குப் பக்கத்துக்காரன் மணலில் கொஞ்சத்தை இழப்பான். அவன் தன் கரையைக் காப்பாற்ற இன்னொரு கல்வரிசை கேட்பான். அது கிடைத்தால் அடுத்த ஊர் கேட்கும்.

பாலாறும் என் வீட்டுச் சுவரும்

பெல்ட் சிக்குவது பாதிக் கதைதான். பெல்ட்டில் ஏற்றுவதற்குச் சரக்கு வருகிறதா என்பது மீதி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தையும் தாண்டி, வாயலூரில் பாலாறு கடலில் கலக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மணல் வடக்கே நகர்கிறது என்றால், இந்தக் கரைக்கு மிக அருகில் இருக்கும் பெரிய மணல் வாசல் இதுதான். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தொடங்கி, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் என்று மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிறது. "ஓடுகிறது" என்பது மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்ட மணல்படுகைதான். வெள்ளம் வரும் சில நாட்களில்தான் மணல் கடலுக்குப் போகும். 2021 நவம்பரில் அப்படி ஒரு பெருவெள்ளம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

அந்தச் சில நாட்களுக்கும் வழிநெடுகத் தடை. கர்நாடகத்தில் பேத்தமங்கலா ஏரி, ஆந்திரத்தில் குப்பம் பக்கத்துத் தடுப்பணைகள், வாலாஜா அருகே பத்தொன்பதாம் நூற்றாண்டு அணைக்கட்டு, கடைசியாகக் கடலுக்குச் சற்று முன்னால் வாயலூர் தடுப்பணை. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் உண்டு. வாயலூர் அணையே உப்புநீர் உள்ளே வராமல் இருக்கவும் நிலத்தடி நீரைப் பிடித்துவைக்கவும் கட்டியதுதான். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்கிறவரிடம் போய்க் கடற்கரைக்கு மணல் வேண்டும் என்று வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் மணல் படிந்துவிடும் என்பதும் உண்மை.

அதைவிடப் பெரிய கழித்தல் ஒன்று உண்டு. லாரியில் போனது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை, தண்டலம் என்று இந்தப் பக்கம் முழுக்க ஆலையும் குடோனும் ஹாஸ்டலும் அபார்ட்மென்ட்டுமாக எழும்பியது. அத்தனைக்கும் மணல் வேண்டும். 2003-ல் ஆற்று மணல் குவாரிகளைத் தமிழ்நாடு அரசே எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் சென்னையின் கட்டடங்களுக்கு மணல் கொடுத்த ஆறுகளில் பாலாறு முக்கியமானது. நான் 2009-ல் வீடு கட்டியபோது மேஸ்திரி ஒரு கைப்பிடி மணலை அள்ளிக் காட்டி, "பாலாத்து மணல் சார், மண்ணே கிடையாது, கையில ஒட்டாது பாருங்க" என்று பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நல்ல மணல்தான். பதினைந்து வருஷம் ஆகியும் பூச்சு விடவில்லை.

அந்த மணல் என் சுவருக்கு வராமல் இருந்திருந்தால் என்றைக்காவது ஒரு வெள்ளத்தில் வாயலூரைத் தாண்டி, அலையில் ஏறி இறங்கி, கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்று வடக்கே நடந்திருக்கும். தண்டலத்துச் சுவரும் சாளுவன்குப்பத்துக் கரையும் ஒரே கணக்கிலிருந்து எடுத்த பணம் மாதிரி. மகளின் கேள்விக்கு இதுதான் பதில். முன்பெல்லாம் கடல் எடுத்துக்கொண்டு போனால், ஆறு மறுபடி கொண்டுவந்து போட்டது. இப்போது கடல் எடுப்பது அப்படியே இருக்கிறது, ஆறு போடுவது குறைந்திருக்கிறது.

சென்னையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டதில், இந்தியக் கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருந்தது. தமிழ்நாட்டில் அது 42.7 சதவீதம். இதற்குக் காரணம் ஒன்றே ஒன்று இல்லை. கடல்மட்ட உயர்வும் உண்டு, புயல்களும் உண்டு. ஆனால் மணல் வரவு குறைந்ததும் பெல்ட் சிக்கியதும் நாமே செய்தவை. நாமே கொஞ்சம் மாற்றவும் முடிந்தவை.

கரை போனால் யாருக்கு என்ன

நடுவில் தேவனேரிப் பக்கம் ஃபைபர் படகுகள் நின்றிருந்தன. வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தண்ணி இப்ப எந்தப் பக்கம்ணே போவுது?" என்றேன். "தெண்டி சார். தெக்கேருந்து வடக்கே. வாடைக் காத்து எடுத்துச்சுன்னா வன்னித் தண்ணி, தெக்கே இழுக்கும்" என்றார் தலை நிமிராமல். எனக்குப் படம் வரைந்து விளக்க அரைமணி நேரம் ஆனதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

கரையைப் பற்றிக் கேட்டேன். "படகு நிறுத்த எடம்தான் சார் பிரச்சனை. முன்னெல்லாம் வந்து சும்மா ஏத்தி வுட்டா நிக்கும். இப்ப பெரிய அலை சீசன்ல ராத்திரியில எழுந்து வந்து இன்னும் மேல தள்ளணும். மேல எங்க தள்றது, பின்னாடி காம்பவுண்டு சொவரு."

இது வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் யோசிக்காத விஷயம். காசிமேடு மாதிரி துறைமுகம் உள்ள ஊரில் விசைப்படகு சுவரோரம் கட்டி நிற்கும். இந்த ஊர்களில் மணல்தான் துறைமுகம். படகு அதில்தான் ஏறி இறங்குகிறது, வலை அதில்தான் காய்கிறது, மீன் அதில்தான் ஏலம் போகிறது. கருங்கல் கொட்டினால் பின்னால் இருக்கும் வீடும் ரிசார்ட்டும் தப்பிக்கும், ஆனால் கல்லின்மேல் படகை ஏற்ற முடியாது. ஆகவே "கரையைக் காப்பாற்றுவது" என்று ஒரே வார்த்தையைச் சொன்னாலும் ரிசார்ட் முதலாளிக்கு அது ஒன்று, மீனவருக்கு வேறு.

இன்னும் இருவர் கணக்கு உண்டு. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து மாமல்லபுரம் மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம்கூட அங்கேயே நடத்துகிறார்கள். அவர்களுக்குக் கோயில் அந்த மணல்தான். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் வேறு இடம் கிடையாது.

சாப்பாட்டு மேஜையில் அதே மணல்

ஆறேகாலுக்கு ஊருக்குள் வந்து சேர்ந்தோம். கிழக்குக் கரை என்பதால் சூரியன் முதுகுப் பக்கம் மறையும், கடல் மெதுவாக நீலம் குறைந்து கறுக்கும். ஒத்தவாடைத் தெருப் பக்கம் மாடியில் மேஜை போட்ட கடைகள் நிறைய. ஐஸ் தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டி, எடைக்கு விலை சொல்வார்கள்.

வழக்கம்போல முதலில் காட்டியது பெரிய வஞ்சிரம். "இது இந்தக் கரையில ஏறுனதா?" என்று கேட்டேன். பையன் சிரித்துவிட்டு, "இல்ல சார், இது காசிமேடு. ஐஸ்ல வருது. இங்க ஏறுனது இது" என்று தட்டின் ஓரத்தைக் காட்டினான். சங்கரா, நெத்திலி, கொஞ்சம் கடம்பா, பிறகு விரல் நீளத்தில் மெலிந்த கிழங்கான். நாங்கள் கிழங்கானையும் கடம்பாவையும் சொன்னோம். கடம்பாவுக்கு மிளகு, கிழங்கானுக்கு வெறும் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு போட்டு வறுவல்.

கிழங்கானைத் தேர்ந்தெடுத்ததற்கு ருசி தவிர இன்னொரு காரணமும் உண்டு. அது ஆழக்கடல் மீன் இல்லை. கரையோரம், ஆழம் குறைந்த மணல் தரையில் புழு பூச்சி தேடித் தின்று வாழ்வது. பயந்தால் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். சதை வெள்ளையாக, முள் குறைவாக இருப்பதால் பிள்ளை பெற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் மீன். "காரம் கம்மியா போடச் சொல்லுங்க, இவளும் சாப்பிடணும்" என்று மனைவி சொன்னது சரியாகிப்போனது, மகள் ஐந்து மீன் காலி செய்தாள்.

இங்கே மீன் வாங்குபவர்களுக்கு ஒரு தகவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை நீட்டினார்கள். அந்தச் சமயத்தில் வஞ்சிரம், பெரிய வவ்வால் எல்லாம் விலை ஏறும், இல்லையென்றால் வேறு கரையிலிருந்தோ குளிர்கிடங்கிலிருந்தோ வரும். சின்னப் படகுகள் கொண்டுவரும் கரையோர மீன்தான் அப்போது புதுசாகக் கிடைக்கும். அந்தப் படகுகளுக்கு மணல் வேண்டும். கிழங்கானுக்கும் மணல் வேண்டும்.

செய்ய முடிகிறவை

நம்பிக்கை தரும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். புதுச்சேரியில் காந்தி சிலைக்கு முன்னால், சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-ல் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய எஃகு அமைப்பைக் கடலுக்கு அடியில் மூழ்கவைத்தது. அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்கவைக்கும் செயற்கைத் திட்டு அது. கூடவே துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். பல வருஷம் வெறும் பாறையாக இருந்த இடத்தில் மறுபடி மணல் வந்தது. சுவரின் தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொடுப்பது, அதாவது சிக்கிய பெல்ட்டைக் கையால் தள்ளிவிடுவது, உலகத்தில் பல துறைமுகங்களில் வழக்கமாகச் செய்வதுதான். செலவு உண்டு, வருஷாவருஷம் செய்ய வேண்டும். ஆனால் கல் கொட்டுவதைப்போல அடுத்த ஊரின் கரையைப் பறிக்காது.

ஆற்றுப் பக்கம், கட்டடத்துக்கு எம்-சாண்ட் வந்ததில் பாலாற்றின்மேல் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அது மலையை உடைத்து வருவது என்பதால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. தடுப்பணைகளில் படியும் மணலை விற்பதற்குப் பதில் அணைக்குக் கீழே ஆற்றிலேயே விட முடியுமா என்பது நம் ஊர்ப் பொறியாளர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கடலுக்குள் நீளும் எந்தக் கல்வரிசையிலும் தெற்கே மணல் எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று. படகுகளுக்கும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை தப்படி என்று. சாப்பிடும் இடத்தில், இன்றைக்கு இந்தக் கரையில் என்ன ஏறியது என்று. வீட்டுக்கு வந்தபிறகு கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களைக் காட்டும் ஸ்லைடரை மெரினாவிலிருந்து எண்ணூர் வரையும், புதுச்சேரித் துறைமுகத்தின் இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். தப்படி எண்ணிக்கையைத் தேதியோடு குறித்து வையுங்கள், அடுத்த முறை ஒப்பிடலாம். எங்கள் கணக்கு மகளின் சயின்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பாலாற்றில் தண்ணீர் வந்தால் வாயலூர் முகத்துவாரத்துக்குப் போய், அணையைத் தாண்டி என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.